பூட்டைக் காணோம்

எனக்கு விளையாட்டு பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெண்பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரு பந்தின் பின்னால் புழுதி பறக்க ஓடுவார்கள். அந்தப் புழுதியைத் துவைத்து எடுக்கிறவள் நான். யாருக்குப் பிடிக்கும்?

என் தங்கை பஸ் கண்டக்டர். டிப்போவுக்குப் பக்கத்தில் கழித்துப்போட்ட டயர்கள் கிடந்த காலி இடத்தை அவளும் பிள்ளைகளுமாகச் சுத்தம் செய்து, அதற்கு மைதானம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் இரும்புக் கம்பியில் கோல், மறுபக்கம் இரண்டு டயர் அடுக்குகள். அதற்கு நேர் எதிரில்தான் என் லாண்டரி. எதிரில் இருந்த பாவத்துக்கு ஜெர்சியெல்லாம் என் மெஷினில், பந்தெல்லாம் என் மேசைக்கடியில், முட்டி சிராய்த்தவர்களெல்லாம் என் வாசலில். ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துவைக்க இடமில்லாமல் நான் தவிக்கும்போது, "பெரியக்கா, கொஞ்சம் தள்ளுங்க" என்று ஒருத்தி உள்ளே வந்து உட்கார்ந்து ஷூ மாட்டுவாள்.

"ஏன்டி, பகல் பூரா பஸ்ஸுல கத்திட்டு வந்து சாயங்காலம் இங்கயும் கத்தணுமா? வேற வேலையே இல்லையா உனக்கு?" என்று தங்கையைக் கேட்பேன்.

"நீ கத்துறதை விடவா நான் கத்துறேன்?" என்பாள்.

அவளை யாரும் கோச்சாக நியமிக்கவில்லை. முட்டி போகும் வரை அவளும் ஆடினாள். முட்டி போனதும் ஆடவைக்கத் தொடங்கினாள், அவ்வளவுதான். வந்து சேர்ந்த பிள்ளைகளும் பெரிய இடத்துப் பிள்ளைகள் இல்லை. சந்தையில் மூட்டை இறக்குகிறவரின் மகள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவள், அம்மா முகமே தெரியாமல் சித்தியிடம் வளர்கிறவள். எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. எல்லாரிலும் பொடியாக இருந்ததால் ஒருத்தி சில்லறை. கோலில் நின்றால் ஒரு பந்தையும் உள்ளே விடாததால் ஒருத்தி பூட்டு.

"ஏற வேண்டியவங்க ஏறாம நான் விசில் அடிக்க மாட்டேன்" என்பது பஸ்ஸில் என் தங்கை சொல்வது. மைதானத்திலும் அதே சட்டம்தான், கழுத்தில் தொங்குவதும் அதே பஸ் விசில்தான். ஒருத்தி வரவில்லை என்றால் ஆட்டம் தொடங்காது. மொத்த டீமும் வராதவளின் வீட்டுக்கு ஓடும். வழி நெடுக என் தங்கை "யாரைக் காணோம்?" என்று குரல் கொடுப்பாள். பிள்ளைகள் வராதவளின் பெயரைச் சொல்லி, "காணோம்!" என்று கத்திக்கொண்டே ஓடுவார்கள். வாசலில் நின்று கூப்பிடுவார்கள். வந்தால் கூட்டிவருவார்கள், வரமுடியாது என்றால் ஏன் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். பூட்டு வராத நாளில் டீக்கடைக்காரர், "பூட்டைக் காணோமா? அப்ப வீட்டுச் சாமானும் போயிருக்கும், நல்லாப் பாருங்க" என்று சிரிப்பார்.

தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டில் இருந்தவளைத் தம்பியோடு சேர்த்துத் தூக்கிவந்தார்கள்; அவன் என் போர்வை மூட்டைமேல் படுத்துத் தூங்கினான். இன்னொருத்தி வீட்டைவிட்டு ஓடிப்போவதற்குத் துணியைப் பையில் அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் வாசலில் போய் நின்றார்கள். அவள் அந்தப் பையை என் கடையில் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள். பை இன்னும் இங்கேதான் கிடக்கிறது, வந்து எடுத்துப்போடி என்றால் இளிக்கிறாள். இதையெல்லாம் பார்த்து எனக்கு மனசு உருகியது என்று நினைக்க வேண்டாம். ஒருநாள் காய்ச்சலில் நான் கடை திறக்கவில்லை. எங்கள் தெருவே கேட்கிற மாதிரி "பெரியக்காவைக் காணோம்!" என்று வந்து நின்றார்கள். மானம் போயிற்று.

பூட்டு அதிகம் பேசமாட்டாள். பதினாறு வயதுக்கு அந்த அமைதி அதிகம் என்று எனக்குப் படும். மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வராமல் போய், எல்லாரும் அவள் வீட்டுக்கு ஓடினார்கள். அவளுடைய அப்பா கதவைத் திறந்தாராம். ஒரு கம்பெனி குடோனில் சூப்பர்வைசர். "அடடா, இவ்வளவு பேரா! நல்ல சிநேகிதம்மா உங்களோடது. கூட்டிட்டுப் போங்க" என்று சிரித்த முகமாக மகளை அனுப்பிவைத்தாராம். என் தங்கை வந்து மெச்சிக்கொண்டாள். எனக்கும் அந்த மனிதரைத் தெரியும். வெள்ளைச் சட்டைதான் போடுவார், எல்லாம் என் கடைக்குத்தான் வரும். கஞ்சி போட்டு விறைப்பாக இருக்க வேண்டும், காலரில் ஒரு சுருக்கம் இருக்கக்கூடாது. "தங்கச்சி" என்பார், குரலை உயர்த்தமாட்டார். துணியைப் பார்த்தே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள் நான். இந்தத் துணி எனக்கு எதையும் சொல்லவில்லை.

கோடை தொடங்கியபோது, கம்பெனி அவரை வெளியூரில் புது குடோனுக்கு அனுப்பிவிட்டதாகப் பூட்டு சொன்னாள். கொஞ்ச நாளில், "வீடு மாத்திட்டோம்க்கா" என்றாள். எண்ணெய் மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. சில்லறையின் வீடும் அந்தப் பக்கம்தான், இரண்டும் சேர்ந்துதான் திரும்பிப் போகும். அந்த மாதங்களில் பூட்டு கொஞ்சம் பேசக்கூடத் தொடங்கினாள். ஒருநாள் சிரித்தாள் என்று சில்லறை ஓடிவந்து என்னிடம் சொன்னது, ஏதோ லாட்டரி விழுந்த மாதிரி.

அன்றைக்குச் சாயங்காலம் நான் கடைக்கு வெளியே வந்தபோது டீக்கடை பெஞ்சில் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்தார். அதே வெள்ளைச் சட்டை, பக்கத்தில் பைக்.

"எப்ப சார் ஊர்லேர்ந்து வந்தீங்க?" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தார். "இன்னிக்குத்தான் தங்கச்சி. பொண்ணு விளையாடுறதைப் பார்க்கலாம்னு வந்தேன்."

"உங்க நாலு சட்டை எங்கிட்டதான் இருக்கு."

"இருக்கட்டும், வாங்கிக்கிறேன்" என்றார்.

எதிரே மைதானத்தில் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். பூட்டு வரவில்லை. என் தங்கை தெருமுனையை இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு வழக்கம்போல, "யாரைக் காணோம்?" என்றாள். "பூட்டைக் காணோம்!" என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். சில்லறைதான் முன்னால். புது வீட்டுக்கு வழி அவளுக்குத்தானே தெரியும். சூப்பர்வைசர் டீயை வைத்துவிட்டு எழுந்து, அவசரமே இல்லாமல் பைக்கை எடுத்தார். மகளைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போய்ப் போர்வை மடித்தேன்.

இருட்டுவதற்குள் சில்லறை மூச்சிரைக்க ஓடி வந்தாள். "பெரியக்கா, கண்டக்டரக்கா உங்களை உடனே வரச் சொன்னாங்க. பூட்டோட அப்பா வந்துட்டாரு. பூட்டோட அம்மா சுவத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தும் திரும்பவில்லை.

அந்த அறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தார். பூட்டின் அம்மா அடுப்பு மேடைக்குப் பக்கத்தில், சில்லறை சொன்னபடியே, சுவரோடு சுவராக நின்றாள். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கிறவள். வேலைக்குக் கட்டிப்போன நீலச் சேலையைக்கூட மாற்றவில்லை. அவளுக்கும் அவருக்கும் நடுவில் பூட்டு நின்றாள், கோலில் நிற்கிற மாதிரியே, முட்டியைக் கொஞ்சம் மடித்து, கைகளை அகட்டி. மிச்ச இடமெல்லாம் பிள்ளைகள். தரையிலும் வாசற்படியிலும் வெளியே குழாயடியிலும் ஷூவோடு உட்கார்ந்திருந்தார்கள். என் தங்கை அவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் அப்பா இறந்த அன்று இருந்த முகம் அது.

"நேரமாச்சு பாருங்க. பிள்ளைங்களை வீட்டுல தேடுவாங்கம்மா" என்றார் அவர். "இது எங்க குடும்ப விஷயம். நீங்க கிளம்புங்க."

"கிளம்புறோம் சார்" என்றாள் தங்கை. "எல்லாரும் சேர்ந்துதான் கிளம்புவோம். எங்க டீம்ல அதுதான் சட்டம்."

"நல்ல சட்டம்" என்றார். அப்புறம் மனைவியிடம், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில், "சாமானை எடுத்து வை. வீட்டுக்குப் போவோம்" என்றார்.

அந்தம்மா சாமானை எடுக்கவில்லை. அவள் இடது கை மட்டும் தானாக உயர்ந்து காதை மூடிக்கொண்டது. யாரும் அடிக்கவில்லை, யாரும் கையைக்கூட ஓங்கவில்லை. பழகின கை தானாகப் போயிற்று. இந்த மனிதர் சட்டைக்கா காலரில் சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுத்தேன்!

எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்குத்தான் அதற்கு ஒரு பிரயோஜனம். "ஏன் சார், வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்தாச்சு, குடிச்சாச்சு, இன்னும் என்ன நாற்காலியைத் தேய்ச்சுக்கிட்டு?" என்று அடுத்த வரிசை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். "இந்த லைன்ல ஆம்பளை பொம்பளை யாருமே இல்லையா? வந்து என்னன்னு கேளுங்களேன்!" கதவுகள் திறந்தன. மில்லில் வேலை முடிந்து வந்தவர்கள் துண்டோடு வந்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றார்கள்.

அவர் எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். வாசலில் மகளிடம் குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது. "எத்தனை நாளைக்கு இவங்க உக்காந்திருப்பாங்க? எனக்கு வேண்டியது இடம்தான். அது தெரிஞ்சுபோச்சு." வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பைக் சத்தம் மறைந்த பிறகுதான் அந்தம்மா வாயைத் திறந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவர் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து வெளிய வந்தோம். ஸ்டேஷனுக்கு ஒரு தடவை போனேன். அவங்க அவரையே கூப்பிட்டு, சமாதானமாப் போங்கன்னு சொல்லி என்னைக் கையில பிடிச்சுக் குடுத்தாங்க. அதனால யார்கிட்டயும் சொல்லலை. இந்த ஊரை விட்டே போயிருக்கணும், டீமை விட்டு வரமாட்டேன்னு இவ அழுதா. பிள்ளை இது ஒண்ணாவது வச்சிருக்கட்டும்னு இருந்தேன். இன்னிக்கி மைதானத்து முனை வரைக்கும் வந்தவ அவர் பைக்கைப் பார்த்துட்டு, சந்து சந்தா சுத்தி வீட்டுக்கு ஓடி வந்தா. கதவைச் சாத்தி, விளக்கை அணைச்சு, மூச்சு விடாம உக்காந்திருந்தோம்." என் தங்கையைப் பார்த்தாள். "உங்க குரலைக் கேட்டுத்தான் கதவைத் திறந்தோம். நீங்க அவரைக் கையோட கூட்டிட்டு வந்தீங்க, கண்டக்டரம்மா."

சில்லறை அழத் தொடங்கினாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றின சட்டம், இந்த ஒரு வாசலில் இப்படிச் செய்துவிட்டது.

அங்கே அவர்களை விட முடியாது. அந்தம்மாவுக்குச் சேலைமேல் ஒரு ஜெர்சியை மாட்டிவிட்டோம். கும்பலோடு கும்பலாக, சத்தமில்லாமல், அவர்களை நடுவில் வைத்து என் கடைக்குக் கொண்டுவந்தோம். பின்கட்டில் போர்வை மூட்டைகளுக்கு நடுவில் இடம் பண்ணிக் கொடுத்தேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தால், என் தங்கை மேசைமேல் விசிலைக் கழற்றி வைத்திருந்தாள்.

"இனிமே நான் இதைத் தொடமாட்டேன்க்கா."

"தொடாதே. பஸ்ஸுக்கு என்ன பண்ணுவே? வாயாலயே ஊதுவியா?"

"விளையாடாதேக்கா."

"நானா விளையாடுறேன்? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் கூட்டி வச்சு விளையாடினது நீ. இப்ப உள்ள ரெண்டு பேர் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்போது, நீ இங்க உன் மனசாட்சியைத் துவைச்சுக்கிட்டு இருக்கியா? அதெல்லாம் அப்புறம் துவைக்கலாம், எழுந்திரு."

சொல்லிவிட்டேனே தவிர, அவள் தோள் குலுங்கியதும் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சின்ன வயதில் கீழே விழுந்தால்கூட அழாதவள் அவள். அவளோடு முன்னால் ஆடியவள் ஒருத்தி, தூரத்து ஊரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறாள். தங்கை அவளுக்குப் போன் போட்டாள். "சமையலுக்கு ஆள் வேணும்னு நானே தேடிக்கிட்டு இருக்கேன், அனுப்பு" என்றாள் அவள். அங்கேயும் பெண்பிள்ளைகள் பந்தாடுகிறார்களாம். அந்த ஊருக்கு நேர் பஸ் சாயங்காலம் ஒன்றுதான், எங்கள் டிப்போவிலிருந்தே கிளம்புவது.

சிக்கல் அந்தச் சாயங்காலம்தான். மறுநாள் பூட்டிய அறையைப் பார்த்தால் அவர் நேரே எங்கே வருவார்? டீக்கடை பெஞ்சுக்குத்தான். டிப்போ வாசல் அங்கிருந்து கண்ணுக்கு நேரே தெரியும். பஸ் வெளியே வரும்போது நிமிர்ந்து பார்த்தால் போதும்.

"நாளைக்கும் ஓடுங்க" என்று குரல் வந்தது. பின்கட்டு வாசலில் பூட்டு நின்றாள். "வேற பக்கம் ஓடுங்க. அவரு பின்னாடியே வருவாரு."

"இன்னிக்கு இவ்வளவு நடந்தப்புறம் நாங்க கத்திக்கிட்டு ஓடினா நம்புவாராம்மா?" என்றாள் என் தங்கை.

"கத்தாம ஓடுங்க, ஒளிஞ்சு ஓடுங்க." அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. "பெனால்டி அடிக்க வர்றவ ஒரு பக்கத்தைப் பார்க்காம பார்க்காம மறைச்சான்னா, அந்தப் பக்கம்தான் கீப்பர் விழுவா. காட்டுறதை நம்ப மாட்டா, மறைக்கிறதைத்தான் நம்புவா. நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க?"

என் தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

டிப்போவுக்குப் பின்னால் கால்வாய் ஓடுகிறது. பாலம் ஒன்றே ஒன்று, அதுவும் ஊர்க்கோடியில். அதைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டால், பைக்கே ஆனாலும் திரும்பி வர நேரம் பிடிக்கும். ஆனால் அக்கரையில் கத்தினால் தண்ணீருக்கு மேலே இக்கரையில் கேட்கும். அவர் பின்னால் வந்து பாலத்தைத் தாண்டிவிட்டால் கத்துவது, அதைக் கேட்டதும் பஸ் கிளம்புவது என்று பேசிவைத்துக்கொண்டோம். அந்த பஸ்ஸின் கண்டக்டர் என் தங்கையோடு வேலை பார்க்கிறவர். "உன் விசில் கேக்காம நான் அடிக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் நினைத்த மாதிரியே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததோடு விடவில்லை. எழுந்து தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார்.

"சட்டை இருக்குன்னு சொன்னியே, தங்கச்சி."

எனக்குப் பின்னால் காயப்போட்ட போர்வை ஒன்று தொங்கியது. அதற்குப் பின்னால் அவருடைய மனைவியும் மகளும். நான் நான்கு சட்டையையும் எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். பயம் தெரிந்தால் மாட்டிக்கொள்வேன் என்று வாயை ஓடவிட்டேன். "நேத்து ஏதோ கோவத்துல கத்திட்டேன் சார். என் தங்கச்சிக்குத்தான் அறிவில்லை. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிறவ. காலைலேர்ந்து அந்தப் பிள்ளைங்க கூடிக் கூடிக் குசுகுசுன்னு பேசுது, என்கிட்டயே மறைக்குது."

"என்ன மறைக்குதாம்?"

"எனக்கென்ன தெரியும்? பந்தையே எடுக்கலை இன்னிக்கி. ஏதோ பையை மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குதுங்க."

அவர் திரும்பி மைதானத்தைப் பார்த்தார். என் தங்கை பிள்ளைகளிடம் தணிந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். சில்லறை ஒரு சாப்பாட்டுப் பையை ஜெர்சிக்குள் மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல், பெஞ்ச் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எனக்கே ஒரு கணம் உண்மை என்று பட்டது. விசில் இல்லை, சத்தம் இல்லை. மூன்று மூன்று பேராகப் பிரிந்து பாலத்துப் பக்கம் ஓடினார்கள். சூப்பர்வைசர் சட்டைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்து போனார், நிதானமாகவே. பைக்கை எடுக்கும்போது மட்டும் நிதானம் போய்விட்டது.

நான் அவர்கள் இருவரையும் பின்வாசல் வழியாக டிப்போவுக்குள் கூட்டிப்போனேன். கழுவி நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே புகுந்து போய், கால்வாய்ச் சுவரை ஒட்டி நின்ற பஸ்ஸில் ஏறினோம். ஆட்கள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருவர் "ஏன்ப்பா, நேரமாகலையா?" என்று டிரைவரைக் கேட்டார். கண்டக்டர் விசிலை உதட்டில் வைத்துக்கொண்டு படியிலேயே நின்றார்.

அந்தம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். பூட்டு ஜன்னலோரம். மடியில் கோல்கீப்பர் கையுறைகள், நேற்று இரவே நான் துவைத்து உலர்த்தியவை. "இதை வச்சுட்டுப் போகவா பெரியக்கா? அடுத்த கீப்பருக்கு வேணும்ல?" என்று கேட்டாள்.

"அடி போடி. எடுத்துட்டுப் போ. அங்கயும் கோல் இருக்குமாம்" என்றேன்.

காத்திருந்தோம். சத்தம் வரவில்லை. அவர் பாலத்திலேயே திரும்பிவிட்டாரோ, பிள்ளைகளை ஏதாவது செய்துவிட்டாரோ என்று எனக்கு என்னென்னவோ தோன்றியது. கூப்பிடத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் மனதுக்குள் கூப்பிட்டேன்.

அப்புறம் அக்கரையில், கரைமேட்டில், பொட்டுப் பொட்டாகச் சிவப்பு ஜெர்சிகள் தெரிந்தன. ஓடிக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை, பைக்கில், மேடு பள்ளத்தில் தடுமாறிக்கொண்டு வந்தது. முதலில் விசில் கேட்டது. அது என் தங்கையின் விசில், எனக்குத் தெரியும். பிறகு அவள் குரல், தண்ணீருக்கு மேலே, தெள்ளத் தெளிவாக.

"யாரைக் காணோம்?"

"பூட்டைக் காணோம்!"

மொத்தப் பிள்ளைகளும் கத்தினார்கள். நேற்று வரைக்கும் இல்லாத கத்தல். யாரைத் தேடி ஓடுகிறார்களோ அவளைவிட்டு விலகி விலகி ஓடிக்கொண்டே, தொண்டை கிழியக் கத்தினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

"யாரைக் காணோம்?"

பூட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளால் கத்த முடியாது, கத்தக்கூடாது. அக்கரையைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் பதில் சொன்னாள்.

"எல்லாரையும்."

நான் அழுதேன். எனக்கு விளையாட்டே பிடிக்காது. அப்படியும் அழுதேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். "எல்லாரும் ஏறியாச்சா?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். நான் பூட்டின் கன்னத்தைத் தொட்டுவிட்டு இறங்கி, ஏறியாச்சு என்று தலையை ஆட்டினேன். அவர் இரண்டு விசில் அடித்தார். வண்டி கிளம்பியது.